கருத்துத்திருட்டைக் குறிப்பெடுக்கும்போதே தடுப்பது எப்படி? மாணவர்களுக்கு எதை முதலில் கற்றுத்தருவது?

கட்டுரைவகுப்பு கேட்டது:

வணக்கம். கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை எழுதக் கற்றுத்தரும் பாடம் என் பொறுப்பில் இருக்கிறது. வகுப்பில் 60 பேர். 5 வாரத்தில் ஆளுக்கு 2000 சொல்லில் ஒரு கட்டுரை. குறைந்தது 6 ஆதாரங்களைப் பயன்படுத்த வேண்டும்.

பிறர் எழுத்தைத் திருடக் கூடாது என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். கட்டுரை கைக்கு வரும்போது மூன்று வகைக் கோளாறு தெரிகிறது. மூலத்தின் வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டு நாலைந்து சொல்லை மட்டும் மாற்றுவது ஒன்று. ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கி, ஆதாரம் காட்டாமல் சேர்த்துவிடுவது இன்னொன்று. மூன்றாவது, கடைசிப் பக்கத்தில் துணைநூற்பட்டியல் ஒழுங்காக இருக்கும்; ஆனால் உள்ளே எந்த வரி எந்த நூலிலிருந்து வந்தது என்பதற்குத் தடயமே இருக்காது. ஏமாற்ற நினைத்துச் செய்பவர்கள் மிகக் குறைவு. எது தாங்கள் எழுதியது, எது எடுத்தது என்று அவர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எதை முதலில் கற்றுத்தர வேண்டும்? அட்டையில் குறிப்பெடுக்கச் சொல்வதா, கணினியிலா? 60 பேரின் வேலையை எப்படிச் சரிபார்ப்பது? ஒப்புமை காட்டும் மென்பொருளில் எத்தனை சதவீதம் வரை விடலாம்?

குறிப்பட்டை எழுதியது:

நீங்கள் சொல்லும் மூன்று கோளாறும் கட்டுரை எழுதும்போது நடப்பவை அல்ல. அதற்கு இரண்டு வாரம் முன்பே, குறிப்பெடுக்கும்போதே நடந்து முடிந்துவிடுகின்றன. இணையப் பக்கத்திலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒரு கோப்பில் ஒட்டுகிறார்கள். அதன் கீழே தங்கள் எண்ணத்தை ஒரு வரி எழுதுகிறார்கள். மறுநாள் வேறொரு பத்தி ஒட்டப்படுகிறது. மேற்கோள் குறி இல்லை, பக்க எண் இல்லை. பத்து நாள் கழித்துக் கோப்பைத் திறந்தால் எல்லாம் ஒரே எழுத்துருவில், ஒரே குரலில் இருக்கும். நேர்மையான மாணவர்கூட அதில் தடுமாறித்தான் போவார். ஆகவே முதல் இரண்டு வகுப்பையும் குறிப்புக்கே கொடுங்கள். அடிக்குறிப்பு வடிவம், புள்ளி எங்கே, காற்புள்ளி எங்கே என்பதெல்லாம் பிறகு.

அட்டை எனக்குப் பிடித்த வழி. தனியாக வாங்க வேண்டியதில்லை. ஏ4 தாளை நான்காகக் கிழித்தால் ஒவ்வொன்றும் ஏ6 அளவு, அதாவது 105 × 148 மில்லிமீட்டர் வரும். ஒரு கருத்துக்கு அது போதுமான இடம். அதற்குமேல் இடம் கொடுத்தால் மாணவர் இரண்டு கருத்தை ஒரே அட்டையில் எழுதிவிடுவார். பிறகு அட்டைகளை வரிசை மாற்றி அடுக்க முடியாது.

ஒவ்வொரு அட்டையிலும் நான்கு விஷயம் இருக்க வேண்டும். இடது மேல்மூலையில் ஆதாரக் குறியீடு: ஆ1, ஆ2, ஆ3 என்பது போல. வலது மேல்மூலையில் இந்தக் குறிப்பு எதைப் பற்றியது என்று மூன்று நான்கு சொல்லில் ஒரு தலைப்பு. கீழே பக்க எண். இடது ஓரத்தில் குறிப்பின் வகை. நான்காவதுதான் உயிர்நாடி, அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

வகை மூன்றுதான். 'மே' என்றால் மேற்கோள்: மூலத்தில் உள்ள அதே சொற்கள், இரட்டை மேற்கோள் குறிக்குள். 'சு' என்றால் சுருக்கம்: அவர் கருத்து, என் சொற்கள். 'எ' என்றால் என் எண்ணம், என் கேள்வி, என் சந்தேகம். வண்ணப் பேனாவால் வகை பிரிக்கச் சொல்லும் பழக்கம் உண்டு. கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தவுடன் அந்த வேறுபாடு அழிந்துவிடும். எழுத்தாகவே குறியுங்கள். 'சு' அட்டைக்கும் பக்க எண் கட்டாயம் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். சொந்தச் சொற்களில் எழுதிவிட்டால் ஆதாரம் காட்ட வேண்டியதில்லை என்று நினைப்பவர்கள் ஏராளம். சொல் உங்களுடையது, கருத்து அவருடையது. ஆதாரம் கருத்துக்கும் சேர்த்துத்தான்.

'மே' அட்டை எழுதும்போது சில நுணுக்கங்கள். மேற்கோள் குறியைத் திறந்தவுடனே மூடும் குறியையும் போட்டுவிட்டு, நடுவில் எழுதுவது பாதுகாப்பு. மூலத்தில் நடுவே சொற்களை விட்டால் மூன்று புள்ளி. நீங்கள் ஒரு சொல்லைச் சேர்த்தால் சதுர அடைப்புக்குறி. மூலத்திலேயே பிழை இருந்தால் திருத்தக் கூடாது. பக்கத்தில் [மூலத்தில் உள்ளபடி] என்று எழுத வேண்டும். மேற்கோள் இரண்டு பக்கத்தில் தொடர்ந்தால், பக்கம் திரும்பும் இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு போடச் சொல்லுங்கள். பின்னால் அந்த மேற்கோளில் பாதியை மட்டும் பயன்படுத்தும்போது எந்தப் பாதி எந்தப் பக்கம் என்று மறுபடி நூலைத் தேடிப் போக வேண்டியிருக்காது.

'மேலது' (சற்று மேலே காட்டிய அதே நூல்), 'மு.நூ.' (முன்பு காட்டிய நூல்) என்ற சுருக்கக் குறியீடுகள் இரண்டையும் குறிப்பட்டையில் எழுதவே கூடாது. அட்டைகளைக் கலைத்து அடுக்கிய மறுநிமிடம் 'மேலது' எதன் மேலது என்று தெரியாது. வரைவிலும் இதே ஆபத்து இருக்கிறது. நடுவில் புதிதாக ஓர் அடிக்குறிப்பைச் செருகினால் அதற்குக் கீழுள்ள 'மேலது' தவறான நூலைக் காட்டும். கடைசித் திருத்தம் முடிந்த பிறகே சுருக்கக் குறியீடுகளைப் போட வேண்டும்.

சுருக்கம் எழுதுவதற்கு 'மூடி எழுது' முறை. 150 முதல் 200 சொல் உள்ள ஒரு பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும். நூலை மூடி, திரையானால் தாளால் மறைத்துவிட்டு, ஓரிரு நிமிடம் வேறு ஏதாவது செய்ய வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் வாக்கியத்தின் ஓசை காதிலேயே இருக்கும், கை அதைத்தான் எழுதும். பிறகு பார்க்காமல் இரண்டு மூன்று வாக்கியம், 40 சொல்லுக்கு மிகாமல். எழுதிய பின் நூலைத் திறந்து மூன்று விஷயம் சரிபார்க்க வேண்டும். எண்ணும் பெயரும் சரியா? 'சில', 'பெரும்பாலும்', 'இருக்கலாம்' போன்ற தயக்கச் சொற்கள் விடுபட்டு, ஆசிரியர் சொல்லாத உறுதி நம் சுருக்கத்தில் வந்துவிட்டதா? கலைச்சொல்லும் பெயரும் நீங்கலாக மூன்று சொல் தொடர்ச்சியாக மூலத்தோடு ஒத்துப்போகிறதா? ஆங்கிலப் பயிற்சி ஏடுகளில் இந்த எல்லை இன்னும் தளர்வாக இருக்கும். தமிழில் வேற்றுமையும் காலமும் இடமும் ஒரே சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் மூன்று சொல்லே பாதி வாக்கியம் ஆகிவிடும்.

மூடிவிட்டால் எழுத வரவில்லை என்று ஒரு மாணவர் சொன்னால், அவருக்கு அந்தப் பகுதி புரியவில்லை என்று பொருள். அந்த நிலையில் சுருக்கம் எழுதச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். மறுபடி படிக்க வையுங்கள். சொல் மாற்றி எழுதும் பழக்கத்துக்கு வேர் பெரும்பாலும் இங்கேதான்.

6 ஆதாரத்துக்கு 25 முதல் 30 அட்டை போதும். அதில் 'மே' வகை 8-க்கு மேல் போனால் மாணவர் படிக்காமல் நகலெடுக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நெறியாளர்மேசை எழுதியது:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். உங்கள் முதல் கோளாறுக்கு ஒரு மாதிரியைப் பலகையில் எழுதிக் காட்டினால்தான் விளங்கும். விளக்கத்துக்காகவே எழுதிய பத்தி இது, 'ஆ3, ப. 41' என்று வைத்துக்கொள்வோம்.

மூலம்: "நகரங்களில் இரவு வெப்பநிலை சுற்றுப்புறக் கிராமங்களைவிட அதிகமாக இருப்பதற்கு முக்கியக் காரணம், கான்கிரீட்டும் தாரும் பகலில் சேமித்த வெப்பத்தை இரவில் மெல்ல வெளியிடுவதே. மரங்கள் குறைந்திருப்பதால், இலைகளின் நீராவிப்போக்கினால் கிடைக்கும் குளிர்ச்சியும் குறைகிறது."

மாணவர் எழுதுவது: பட்டணங்களில் ராத்திரி வெப்பநிலை பக்கத்துக் கிராமங்களைக் காட்டிலும் கூடுதலாக இருப்பதற்குப் பிரதானக் காரணம், சிமெண்டும் தாரும் பகலில் சேர்த்த சூட்டை இரவில் மெதுவாக வெளிவிடுவதே.

பத்துக்கு மேற்பட்ட சொல் மாறியிருக்கிறது. வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. தமிழில் ஒரு பொருளுக்கு நாலு சொல் கிடைப்பதால் இது மிக எளிது, மாணவருக்கு உழைத்த உணர்வையும் தருகிறது. ஆதாரம் காட்டினாலும் இது சரியாகாது என்பதை வகுப்பில் தெளிவாகச் சொல்லுங்கள். மேற்கோள் குறி இல்லாததால் வாக்கியத்தை அமைத்தது மாணவர்தான் என்று வாசகர் நம்புவார்.

ஏற்கத்தக்கது இப்படி இருக்கும்: பகலில் காய்ந்த கட்டடமும் சாலையும் இரவெல்லாம் அந்தச் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கின்றன, அதைத் தணிக்கப் போதுமான மரமும் இல்லை, கிராமத்தைவிட நகரத்து இரவு புழுங்குவதற்கு ஆ3 தரும் விளக்கம் இது (ப. 41).

இதில் எங்கிருந்து தொடங்குவது என்பதே மாறிவிட்டது. மூலம் விளைவிலிருந்து காரணத்துக்குப் போகிறது. சுருக்கம் காரணத்தை முன்வைத்து விளைவில் முடிகிறது. அவர் இரண்டு வாக்கியத்தில் சொன்ன இரண்டு காரணமும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. மாணவர்களிடம் சொல்லை மாற்று என்று சொல்லாதீர்கள். அது ஒட்டுவேலையில்தான் முடியும். எங்கிருந்து தொடங்குவாய் என்று கேளுங்கள்.

எழுத்துக் கல்வி ஆய்வாளர் ரெபெக்கா மூர் ஹோவர்ட் 1990களில் இந்த ஒட்டுவேலையைப் பற்றி விரிவாக எழுதினார். புதிய துறையின் மொழியைக் கற்றுக்கொண்டிருப்பவர் கடந்துபோகும் ஒரு கட்டமாக இதைப் பார்க்கலாம், உடனே மோசடி என்று முத்திரை குத்த வேண்டியதில்லை என்பது அவர் வாதம். முதலாண்டுக்கு அந்தப் பார்வை சரி. ஆனால் கட்டம் என்றால் அதைக் கடக்கவும் வேண்டும். திருப்பி எழுத வைக்காமல் விட்டால் ஆய்வேடு வரைக்கும் இதே நடை தொடரும்.

கலைச்சொல்லை மாற்றலாமா என்று கட்டாயம் கேட்பார்கள். கூடாது. 'நீராவிப்போக்கு' என்பதை 'இலை வியர்வை' என்று மாற்றினால் பொருள் கெடும்.

அடுத்து, தமிழாக்கம். மொழி மாறிவிட்டதால் எல்லாச் சொல்லும் என்னுடையவை என்ற எண்ணம் மாணவர்களிடம் ஆழமாக இருக்கிறது. வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழாக்கினால் அது நேர் மேற்கோள்தான். மேற்கோள் குறி, பக்க எண், 'தமிழாக்கம் கட்டுரையாளர்' என்ற குறிப்பு, மூன்றும் வேண்டும். குறிப்பட்டையில் இதற்கென்று 'மே-த' என்று தனி வகை வைத்து, மூல வாக்கியத்தையும் அதே அட்டையின் பின்பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒப்புமை மென்பொருள் மொழி தாண்டிய நகலைப் பெரும்பாலும் தவறவிடும். ஆசிரியர்தான் கவனிக்க வேண்டும். தமிழில் இயல்பாக வராத நீண்ட செயப்பாட்டுவினைத் தொடர்கள், 'அது எதுவெனில்' வகை இணைப்புகள், திடீரென்று மாறும் கலைச்சொல் இவையெல்லாம் தடயம்; தடயம் மட்டுமே, சாட்சியம் ஆகாது.

உங்கள் மூன்றாவது கோளாறுக்கு ஒரு காரணம் தமிழ் வாக்கிய அமைப்பில் இருக்கிறது. 'என்கிறார்', 'என்று குறிப்பிடுகிறார்' எல்லாம் கடைசியில் வருகின்றன. நாலு வாக்கியம் எழுதி, நான்காவதன் முடிவில் மட்டும் 'என்கிறார் இன்னார்' என்று போட்டால், முதல் மூன்று யாருடையவை? வாசகருக்குத் தெரியாது. கடன் தொடங்கும் இடத்திலேயே பெயரைச் சொல்லப் பழக்குங்கள்: 'இன்னார் கணக்குப்படி', 'இன்னார் இதற்கு வேறு விளக்கம் தருகிறார்'. முடியும் இடத்தில் பக்க எண். நடுவில் மாணவரின் சொந்தக் கருத்து புகுந்தால் அதற்கும் ஓர் அடையாளம்: 'இதிலிருந்து தெரிவது', 'இங்கே எழும் கேள்வி'.

வினைச்சொல்லையும் பொறுக்கி எடுக்க வேண்டும். குறிப்பிடுகிறார், வாதிடுகிறார், மறுக்கிறார், ஐயுறுகிறார், கணக்கிடுகிறார், ஒப்புக்கொள்கிறார் என ஒவ்வொன்றும் மூல ஆசிரியரின் நிலையைக் காட்டும். எல்லா இடத்திலும் 'கூறுகிறார்' போடுகிற கட்டுரையில் மாணவர் நூலைப் படித்தாரா என்றே சந்தேகம் வரும். 'எனப்படுகிறது', 'ஆய்வாளர்கள் கருதுகின்றனர்' என்று ஆள் இல்லாத வாக்கியம் வந்தால் ஓரத்தில் 'யார்?' என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுங்கள்.

நூலகத்தட்டு எழுதியது:

அட்டை முறை நல்லதுதான். ஆனால் ஆதாரங்களில் பாதி பிடிஎஃப் கோப்பும் இணையப் பக்கமுமாக இருக்கும்போது எல்லாவற்றையும் கையால் எழுதச் சொல்வது நீடிக்காது. கணினியில் எடுக்கலாம், ஒரே நிபந்தனை: ஒட்டிய வரியும் எழுதிய வரியும் ஒரே பெட்டியில் இருக்கக் கூடாது. விரிதாளில் ஐந்து நெடுவரிசை போடுங்கள்: ஆதாரக் குறியீடு, பக்கம், மேற்கோள், சுருக்கம், என் எண்ணம். ஒட்டுவது மூன்றாம் நெடுவரிசையில் மட்டும். நான்காவது காலியாக இருந்தால் அந்த மேற்கோளைக் கட்டுரையில் பயன்படுத்தத் தடை. கைபேசி மட்டுமே உள்ளவருக்கும் இது நடக்கும்.

ஆதார மேலாண்மைக்கு ஜோட்டெரோ இலவசம், திறமூலம். 2006 முதல் இருக்கிறது. அதில் ஒவ்வொரு ஆதாரத்துக்கும் கீழேயே குறிப்பைச் சேர்க்கலாம், பிடிஎஃப்பில் தீட்டிய வரிகளைப் பக்க எண்ணோடு குறிப்பாக மாற்றலாம். தமிழ்ப் பெயர்களில் ஒரு சிக்கல் வரும். மென்பொருள் பெயரைக் குடும்பப்பெயர், முதற்பெயர் என்று பிரிக்கும். நம் முன்னெழுத்து குடும்பப்பெயர் இல்லை. அப்படியே விட்டால் துணைநூற்பட்டியலில் முன்னெழுத்தின் கீழ் அகரவரிசை ஆகிவிடும். பெயர்ப் புலத்தை ஒற்றைப் புலமாக மாற்றும் வசதி இருக்கிறது. அதை இயக்கி, பெயர் முதலில் முன்னெழுத்து பின்னால், அல்லது நேர்மாறு, எது உங்கள் துறையின் வழக்கமோ அதையே எல்லாவற்றுக்கும் உள்ளிடச் சொல்லுங்கள். இணையத்திலிருந்து தானாக இழுத்த விவரத்தை ஒருமுறை நூலின் தலைப்புப் பக்கத்தோடு ஒப்பிட வேண்டும். ஆண்டும் பதிப்பும் அடிக்கடி தவறாக வரும்.

குறிப்பெடுக்கும் முன்பே ஆதாரத்தின் முழு விவரத்தைப் பதிவது முதல் வேலை. நூலானால் ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, பதிப்பகம், இடம், ஆண்டு. மறுபதிப்பானால் முதற்பதிப்பின் ஆண்டும் வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும் என்பதால் எந்தப் பதிப்பைக் கையில் வைத்திருந்தோம் என்பது முக்கியம். இதழ்க் கட்டுரையானால் தொகுதி, இதழ் எண், பக்கங்கள், டிஓஐ எண் (இணையத்தில் அந்தக் கட்டுரைக்கென்று உள்ள நிலையான அடையாள எண்) இருந்தால் அதுவும். இணையப் பக்கமானால் பார்த்த தேதி. இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைச் சேமித்து அந்த இணைப்பையும் வைத்துக்கொள்ளலாம். விக்கிப்பீடியாவானால் பக்க வரலாற்றில் அன்றைய பதிப்பின் இணைப்பை எடுக்க வேண்டும், ஏனென்றால் நாளை அந்த வாக்கியமே இருக்காது. விக்கிப்பீடியாவைக் கடைசி ஆதாரமாக வைக்காமல், அதன் அடிக்குறிப்புகள் காட்டும் நூல்களுக்குப் போகப் பழக்குவது இன்னும் நல்லது.

அப்படிப் போகும்போது ஒரு பொறி இருக்கிறது. 'அ' என்பவர் நூலில் 'ஆ' என்பவரின் மேற்கோளைப் பார்த்துவிட்டு, 'ஆ'வின் நூலையே படித்ததாக அடிக்குறிப்பு போடுவது. 'அ' பக்க எண்ணைத் தவறாகக் கொடுத்திருந்தால் அந்தத் தவறும் கூடவே வரும். பல ஆய்வேடுகளில் ஒரே பிழை வரிசையாகத் தொடர்வது இப்படித்தான். மூல நூல் கிடைக்காவிட்டால் 'ஆ, எடுத்தாளப்பட்டது: அ, ப. 23' என்று உள்ளபடி எழுதினால் போதும்.

பழைய தமிழ் பிடிஎஃப்களிலிருந்து நகலெடுக்கும்போது கவனம் தேவை. பாமினி, டேப், டேம் போன்ற பழைய குறியாக்கத்தில் உள்ள உரை ஒட்டியவுடன் வேற்றெழுத்தாக மாறும். யூனிகோடாக இருந்தாலும் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு இடம் மாறி 'கொ' உடைந்து வரும். மேற்கோளை அப்படியே விட்டால் பிழை மாணவர் தலையில் விழும்; எழுத்தெழுத்தாகப் பக்கத்தோடு ஒப்பிட வேண்டும். இதே காரணத்தால், வருடிய படமாக அல்லது பழைய குறியாக்கத்தில் மட்டும் இருக்கும் நூலிலிருந்து திருடியதை மென்பொருள் காட்டாது.

கட்டுரைவகுப்பு எழுதியது:

மிக்க நன்றி. அட்டையும் விரிதாளும் இரண்டையும் மாணவர் விருப்பத்துக்கு விடுகிறேன். மதிப்பீடு பற்றி யாராவது சொல்ல முடியுமா? 60 × 30 அட்டை என்றால் 1800. அத்தனையும் பார்க்க முடியாது. சாட்ஜிபிடியிடம் சுருக்கம் கேட்டு அதையே குறிப்பாக எழுதிக்கொண்டு வருபவர்களை என்ன செய்வது?

மதிப்பெண்ஏடு எழுதியது:

1800-ஐயும் பார்க்க வேண்டாம். ஒவ்வொருவரும் அட்டைக்கட்டோடும் ஆதாரத்தோடும் வர வேண்டும். நீங்கள் இரண்டு அட்டையை உருவி எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒன்று 'மே', ஒன்று 'சு'. மேற்கோள் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா, சுருக்கம் மூலத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா. ஆளுக்கு 4 நிமிடம், 60 பேருக்கு 4 மணி நேரம். இரண்டு வாரத்தில் பிரித்துக்கொண்டால் சமாளிக்கலாம். எந்த அட்டை வரும் என்று தெரியாததால் எல்லா அட்டையும் ஒழுங்காக இருக்கும்.

உங்கள் 5 வாரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் வாரம் கேள்வி. 'மாசு' என்பது கேள்வி இல்லை. 'எங்கே, எதனால், யாருக்கு' என்று குறுக்கிய ஒரு வாக்கியம் வேண்டும். தலைப்பு அகலமாக இருந்தால் மாணவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது, அடுத்தவர் பத்தியை எடுத்து நிரப்புவார். இரண்டாம் வாரம் 6 ஆதாரத்தின் முழு விவரமும், ஒவ்வொன்றும் எதற்குப் பயன்படும் என்று ஒரு வரியும். மூன்றாம் வாரம் அட்டைச் சோதனை தொடங்கும். நான்காம் வாரம் கட்டுரையின் வரைபடம். ஒவ்வொரு பத்தியின் பக்கத்திலும் எந்த அட்டைகள் என்ற எண். ஒரு பத்திக்கு எதிரே ஒரே ஆதாரத்தின் அட்டைகள் மட்டும் இருந்தால் அங்கேதான் ஒட்டுவேலை நடக்கப்போகிறது. இரண்டாவது ஆதாரமோ ஓர் 'எ' அட்டையோ சேர்க்கும்வரை எழுதத் தொடங்க விடாதீர்கள். ஐந்தாம் வாரம் வரைவும் திருத்தமும். 100 மதிப்பெண்ணில் 40-ஐயாவது முதல் நான்கு வாரத்துக்கு ஒதுக்குங்கள். கடைசி இரவில் எங்கிருந்தாவது எடுத்து ஒட்டியவருக்கு அந்த 40 கிடைக்க வழியே இல்லை.

ஒப்புமைச் சதவீதத்துக்கு எல்லை வைக்காதீர்கள். டர்னிடின் போன்ற ஒப்புமை மென்பொருள்கள் காட்டுவது ஒத்துப்போகும் உரையின் அளவு. திருட்டா இல்லையா என்ற தீர்ப்பை அவை தருவதில்லை. துணைநூற்பட்டியல், முறையாகக் குறியிட்ட மேற்கோள், நீங்கள் கொடுத்த கேள்வித்தாளின் வாசகம், துறையில் எல்லோரும் பயன்படுத்தும் தொடர்கள் எல்லாம் சேர்ந்து 25 சதவீதம் வரலாம், அதில் குற்றம் ஒன்றும் இருக்காது. 6 சதவீதம் மட்டும் வந்து, அந்த ஆறும் ஒரே இடத்தில் ஆதாரமற்ற ஒரு முழுப் பத்தியாக இருக்கலாம். துணைநூற்பட்டியலையும் மேற்கோளையும் நீக்கிவிட்டுப் பாருங்கள், பிறகு நிறமிட்ட பகுதிகளைப் படியுங்கள். '15-க்குக் கீழே இருந்தால் சரி' என்று அறிவித்த நாளிலிருந்து மாணவர்கள் சொல்லை மாற்றி எண்ணைக் குறைப்பதில்தான் உழைப்பார்கள். நெறியாளர்மேசை காட்டிய ஒட்டுவேலையை நாமே கற்றுத்தந்ததாக ஆகும். வரைவு நிலையில் மாணவரே அந்த அறிக்கையைப் பார்க்க அனுமதித்து, நிறமிட்ட ஒவ்வொரு பகுதிக்கும் என்ன செய்தேன் என்று ஒரு வரி எழுத வைப்பது பயனுள்ள பயிற்சி.

சாட்ஜிபிடி பற்றி: அது தரும் சுருக்கத்தில் நம்பத்தக்க பக்க எண் இராது, இல்லாத நூலையும் இல்லாத கட்டுரையையும் உண்மைபோலவே உருவாக்கித் தரும். ஆகவே விதி ஒன்றே போதும்: நீயே திறந்து பார்த்த பக்கத்துக்கு மட்டுமே அட்டை. அட்டைச் சோதனையில் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்வதால் இது தானாகவே வெளிப்படும். டிஓஐ எண் இருந்தால் அது அந்தக் கட்டுரைக்குத்தான் போகிறதா என்று பார்க்கலாம். நூலானால் நூலகப் பட்டியலில் தேடலாம். புரியாத பகுதியை விளக்கச் சொல்லிக் கேட்பதை நான் தடுக்க மாட்டேன். விளக்கம் கேட்டபின் மூலத்துக்குத் திரும்பி, மூடி எழுத வேண்டும். எந்தக் கருவியை எதற்குப் பயன்படுத்தினேன் என்று கட்டுரையின் முடிவில் இரண்டு வரி எழுத வேண்டும். இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவிகளை மட்டும் நம்பி யாரையும் குற்றம் சாட்டாதீர்கள். அவை தவறும், அந்தத் தவறின் விலையை மாணவர் கொடுக்க நேரும்.

இன்னும் இரண்டு. எதற்கு ஆதாரம் வேண்டாம் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். இல்லாவிட்டால் பயந்துபோய் ஒவ்வொரு வரிக்கும் அடிக்குறிப்பு போடுவார்கள். கடல் மட்டத்தில் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்பதற்கு வேண்டாம். ஒரு கணக்கெடுப்பின் எண், ஒருவரின் விளக்கம், அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ள காலக்கணிப்பு இவற்றுக்கு வேண்டும். சந்தேகம் வந்தால் போடு என்பது முதலாண்டுக்குப் போதுமான விதி. படம், அட்டவணை, வரைபடத்துக்கும் இதே விதிதான். நானே திரும்ப வரைந்தேன் என்றாலும் 'இன்னாரைத் தழுவியது' என்று எழுத வேண்டும்.

குறிப்பட்டை எழுதியது:

ஒரு சிறு மறுப்பு. ஆறு ஆதாரத்துக்கு ஜோட்டெரோ தேவையா என்று யோசியுங்கள். கருவியை நிறுவி, நீட்சியைச் சேர்த்து, நடையைத் தேர்ந்தெடுப்பதற்குள் முதல் வாரம் போய்விடும். ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் ஏறக்குறைய 90,000 குறிப்பட்டைகளை எண்ணிட்டு ஒன்றோடொன்று இணைத்து வைத்திருந்தார் என்பதைப் படித்துவிட்டு, அப்படியே ஓர் அமைப்பைக் கட்டுவதில் மூழ்கிப்போகும் மாணவர்களும் உண்டு. 30 அட்டையை மேசையில் பரப்பி, கண்ணால் பார்த்து அடுக்க முடியும். மென்பொருளை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கையால் எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உளவியல் ஆய்வாளர்கள் முல்லரும் ஓப்பன்ஹைமரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், விரிவுரை கேட்டு மடிக்கணினியில் குறிப்பெடுத்தவர்கள் சொல்லுக்குச் சொல் பதிவதை நோக்கிச் சாய்ந்தார்கள். அது விரிவுரைக் குறிப்பு, நாம் பேசுவது நூற்குறிப்பு. ஆனாலும் கை மெதுவாக ஓடும்போது முழு வாக்கியத்தையும் எழுத அலுப்பு வருகிறது, சுருக்கத் தோன்றுகிறது. நமக்கு வேண்டியது அதுதான்.

நூலகத்தட்டு எழுதியது:

ஆறு ஆதாரத்துக்கு அட்டை போதும் என்பதை ஏற்கிறேன். விரிதாளை மட்டும் கைவிட வேண்டாம். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் கையெழுத்து சிரமமானவர்களுக்கும் அது தேவை.

கட்டுரைவகுப்பு எழுதியது:

ஒரு கடைசிக் கேள்வி. இந்தப் பருவத்தில் ஏற்கெனவே வந்துவிட்ட கட்டுரைகளில் ஒட்டுவேலை நிறைய இருக்கிறது. பூஜ்யம் போடுவதா, திருப்பி எழுத வைப்பதா?

நெறியாளர்மேசை எழுதியது:

முதலில் பிரியுங்கள். வேறொருவர் கட்டுரையை முழுதாகத் தன் பெயரில் கொடுத்தவர், காசு கொடுத்து எழுதி வாங்கியவர் இவர்களுக்கு உங்கள் நிறுவனத்தின் ஒழுங்கு விதி இருக்கும், அதன்படி நடக்க வேண்டும். துணைநூற்பட்டியலில் ஆதாரம் இருந்து, உள்ளே ஒட்டுவேலை செய்தவர் வேறு. அவரை அழைத்து, மூலத்தின் பக்கத்தையும் கட்டுரையின் பத்தியையும் அருகருகே வைத்து, ஒத்துப்போகும் சொற்களை அவர் கையாலேயே அடிக்கோடிடச் சொல்லுங்கள். நீங்கள் அடிக்கோடிட்டுக் கொடுத்தால் அது குற்றச்சாட்டாகிறது. அவர் கோடிடும்போது வாக்கியத்தின் அமைப்பே கடன் வாங்கியது என்பதை அவரே பார்க்கிறார். பிறகு இரண்டையும் மூடிவிட்டு, அதே கருத்தை உங்களிடம் வாய்மொழியாகச் சொல்லச் சொல்லுங்கள். பேச்சில் வரும் வாக்கியம் அநேகமாக அவருடையதாகவே இருக்கும். அதை அப்படியே எழுதவைத்து, எழுத்துநடைக்குத் திருத்தி, முன்னால் ஆசிரியர் பெயரும் பின்னால் பக்க எண்ணும் சேர்த்தால் ஒரு பத்தி முடிந்தது.

ஒரு பத்திக்கு 15 நிமிடம் ஆகும். எல்லாப் பத்தியையும் உங்கள் முன்னால் செய்ய வேண்டாம். ஒன்றைச் செய்துவிட்டு மீதிக்கு ஒரு வாரம் கொடுங்கள். திருத்திய கட்டுரையோடு, மாற்றிய ஒவ்வொரு பத்திக்கும் உரிய அட்டையும் சேர்ந்து வர வேண்டும்.